மாணவர் தற்கொலைத் தடுப்பு: பள்ளியிலும் ஊரிலும் எங்கிருந்து தொடங்குவது?

இது மனநல மருத்துவர்களுக்கான கட்டுரை அல்ல. வகுப்பாசிரியர், விடுதிக் காப்பாளர், டியூஷன் நடத்துகிறவர், ஊரில் கபடிக் குழுவைக் கவனித்துக்கொள்கிறவர், சத்துணவு அமைப்பாளர் என்று பிள்ளைகளோடு அன்றாடம் புழங்குகிறவர்களுக்கானது. தற்கொலைத் தடுப்புப் பொறுப்பை யாரும் கேட்டு வாங்கிக்கொள்வதில்லை. "நீங்கதான் பசங்ககிட்ட நல்லா பேசுவீங்களே, நீங்களே பாத்துக்குங்க" என்று தலைமையாசிரியர் ஒரு சுற்றறிக்கையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அங்கிருந்து தொடங்குவோம்.

அதற்கு முன் ஒன்று. படிக்கிற நீங்களே உயிரை விட்டுவிடலாம் என்ற மனநிலையில் இருந்தால் மீதியை அப்புறம் படிக்கலாம். இப்போது 14416-ஐ அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். இலங்கையில் இருந்தால் 1926.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அவர்களில் 13,044 பேர் மாணவர்கள். நம் ஊரில் இந்தப் பேச்சை எடுத்தாலே நீட், பிளஸ் டூ ரிசல்ட் என்று போய்விடும். ஆனால் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் மரணங்களில் பதிவான காரணங்களைப் பார்த்தால் குடும்பப் பிரச்சினைதான் முதலிடம். தேர்வுத் தோல்வி அதற்குப் பின்னால்தான் வருகிறது. காவல் நிலையத்தில் ஒற்றை வரியில் எழுதப்படும் காரணத்தை நான் முழுதாக நம்புவதில்லை. ஒரு பிள்ளையின் மனதில் பல விஷயங்கள் சேர்ந்துதான் அழுத்துகின்றன. ஆனாலும் ரிசல்ட் வரும் மே மாதம் மட்டும் விழிப்பாக இருந்தால் போதாது என்பதற்கு, முதலிடம் குடும்பப் பிரச்சினைக்கு என்ற இந்த ஒரு தகவல் போதும்.

முதல் படி: யாருக்கும் எதுவும் ஆகாத நாளில் செய்ய வேண்டியவை

மூன்று நான்கு பேர் கொண்ட ஒரு குழு அமையுங்கள். தலைமையாசிரியர் இருக்கட்டும், ஆனால் அவரை மட்டும் நம்ப வேண்டாம். பிள்ளைகள் தாமாகவே போய்ப் பேசுகிற ஆள் யார் என்று கவனியுங்கள். பல பள்ளிகளில் அது பி.இ.டி. சாராகவோ, ஆய்வக உதவியாளராகவோ, ஆயாவாகவோ இருக்கும். அவர் குழுவில் கட்டாயம் இருக்க வேண்டும். பதவி பார்த்து அமைத்த குழு, தணிக்கைக்கு வருகிற அதிகாரியிடம் காட்டத்தான் உதவும்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு 15 நெறிமுறைகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் இருந்தால் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவர் வேண்டும். குறைவாக இருந்தால் வெளியில் உள்ள நிபுணரோடு தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். எல்லா ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி. மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைத் தனித்தனி பிரிவாகப் பிரிக்கக் கூடாது. உதவி எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும். நிர்வாகம் தயங்கினால் இதை எடுத்துக் காட்டுங்கள். "நான் சொல்றேன்" என்பதைவிட "கோர்ட் சொல்லுது" என்பதற்கு மதிப்பு அதிகம்.

ஆலோசகர் இல்லாத பள்ளிதான் அதிகம். அப்படியானால் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைக்கு ஒருமுறை நேரில் போய் வாருங்கள். அங்கே மனநலப் பிரிவு எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, புறநோயாளிகளை எந்த நேரத்தில் பார்க்கிறார்கள், மாவட்ட மனநலத் திட்டத்தில் இருக்கும் உளவியலாளர் யார், அவரை எந்த எண்ணில் பிடிப்பது என்று எழுதி வாருங்கள். நெருக்கடி நாளில் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வார்டு வார்டாக அலைவதைத் தவிர்க்க இது ஒன்றுதான் வழி.

எண்களை எங்கே ஒட்டுவது என்பதையும் யோசியுங்கள். அலுவலகச் சுவரில் ஒட்டினால் அதைப் பார்ப்பவர் பெற்றோர் மட்டும்தான். குடிநீர்க் குழாய்ப் பக்கம், கழிப்பறைக் கதவின் உட்புறம், அடையாள அட்டையின் பின்பக்கம் என்று தனியாக நின்று படிக்க முடிகிற இடத்தில் வையுங்கள். 14416, குழந்தைகளுக்கான 1098, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104, சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் 044-24640050. ஒட்டுவதற்கு முன் நீங்களே ஒருமுறை 14416-ஐ அழைத்துப் பாருங்கள். யார் எடுக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்தால்தான் "பயப்படாதே, இப்படித்தான் பேசுவாங்க" என்று பிள்ளையிடம் சொல்ல முடியும்.

அரசுப் பள்ளிகளில், பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது தலைமையாசிரியர் அறை வாசலில், கேமராவுக்கு நேர் கீழே தொங்கினால் யார் சீட்டு போடுவார்கள்? இடத்தை மாற்றுங்கள். யார் திறப்பார், எந்தக் கிழமை திறப்பார் என்று வகுப்பில் சொல்லிவிடுங்கள்.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் 10 நாடுகளில், 168 பள்ளிகளில், பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. ஆசிரியர்களுக்கு அறிகுறிகளைக் கண்டுபிடிக்க மட்டும் பயிற்சி கொடுத்த பள்ளிகளில் பெரிய மாற்றம் இல்லை. மாணவர்களையே உட்காரவைத்து, சூழ்நிலைகளை நடித்துப் பார்க்கச் செய்து, மன அழுத்தத்தையும் தற்கொலை எண்ணத்தையும் பற்றி வெளிப்படையாகப் பேசவைத்த பள்ளிகளில் ஓராண்டுக்குப் பின் தற்கொலை முயற்சிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. காரணம் புரியாத ஒன்றல்ல. எந்தப் பிள்ளையும் முதலில் சொல்வது இன்னொரு பிள்ளையிடம்தான். "யார்கிட்டயும் சொல்லிடாதடி" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொல்லும். அந்தச் சத்தியத்தை மீறலாம், மீற வேண்டும், அதனால் நட்பு கெட்டாலும் பரவாயில்லை என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: கண்ணில் பட வேண்டியவை

அறிகுறிப் பட்டியல்கள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றைப் படித்தால் வகுப்பில் பாதிப் பேர் சேர்ந்துவிடுவார்கள்; பதினாறு வயதில் யார்தான் எரிந்து விழவில்லை? அந்தப் பிள்ளையின் வழக்கத்திலிருந்து என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். வருகைப் பதிவேடே பாதி சொல்லிவிடும். மாதக்கணக்கில் ஒரு நாளும் விடாமல் வந்தவன் திங்கட்கிழமைகளில் மட்டும் காணாமல் போவது, முன் பெஞ்சில் இருந்தவள் கேட்காமலே கடைசிக்குப் போவது, தட்டில் சோறு வாங்கிவிட்டு அப்படியே கொட்டுவது, சாயங்காலம் மைதானத்தை விட்டு நகராத பையன் தன் கிரிக்கெட் பேட்டைத் தம்பிக்குக் கொடுத்துவிடுவது.

சொற்களையும் கவனியுங்கள். "நான் இல்லேன்னா எங்க வீட்ல நிம்மதியா இருப்பாங்க", "இன்னும் கொஞ்ச நாள்தான் சார்", "எனக்கெதுக்கு டூர் பணம், நான் எங்க வரப்போறேன்." விளையாட்டாகச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். "சும்மா மிரட்டுறான்" என்பது நம் ஊரில் அதிகம் புழங்குகிற பேச்சு. இந்த வேலையில் அதிகம் ஆபத்தானதும் அதுதான். இதற்கு முன் ஒருமுறை முயன்ற பிள்ளை என்றால் மற்ற எல்லா அறிகுறிகளைவிட அதற்கே முதல் கவனம்.

பெண்பிள்ளைகளிடம் அழுகையாக வெளிப்படுவது பையன்களிடம் கோபமாக, சண்டையாக, குடியாக வெளிப்படலாம். தண்டனைப் பதிவேட்டில் அடிக்கடி வரும் பெயர்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். சாதியைச் சொல்லி ஒதுக்குவது, உடல்வாகையும் நடையையும் கேலி செய்வது, போட்டோவை வைத்து மிரட்டுவது இவையெல்லாம் ஒழுங்குப் பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினையும்கூட. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு பள்ளிகளில் சாதிப் பாகுபாட்டைக் களைவது பற்றி 2024-இல் அரசிடம் அறிக்கை தந்தது. அதைத் தற்கொலைத் தடுப்பு ஆவணமாகவும் நான் பார்க்கிறேன்.

மூன்றாம் படி: கேட்பது

எல்லோரும் தயங்குகிற இடம் இது. "நாமளே கேட்டு, இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டுட்டா?" என்று பயிற்சிக்கு வருகிறவர்கள் கேட்காமல் போனதே இல்லை. நியூயார்க் மாநிலத்தில் ஆறு பள்ளிகளில் 2,300-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2005-இல் முடிவு வந்தது: தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்கப்பட்டவர்களுக்கு அந்த எண்ணமோ மனவேதனையோ கூடவில்லை. ஏற்கெனவே தவித்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சற்று ஆறுதலாகவே இருந்தது.

இடம் முக்கியம். ஆசிரியர் ஓய்வறையில் நாலு பேர் முன்னால் நிற்கவைத்துக் கேட்டால் ஒன்றும் வராது. வேப்பமரத்தடி, ஆய்வகம், நூலக மூலை என்று மற்றவர் கண்ணில் படும், ஆனால் காதில் விழாத இடம் நல்லது. எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். கையில் ஏதாவது வேலை இருந்தால் இன்னும் சுலபம். நோட்டுகளை அடுக்கிக்கொண்டே பேசும்போது பிள்ளைகளுக்கு வாய் திறக்கும்.

பார்த்ததைச் சொல்லித் தொடங்குங்கள். "என்னப்பா பிரச்சினை உனக்கு?" என்றால் "ஒண்ணுமில்ல மிஸ்" என்றுதான் பதில் வரும். இப்படிப் போகலாம்:

"ரெண்டு வாரமா சாப்பிடாம கொட்டுறத பாக்குறேன்மா. நேத்து கீர்த்தனா கூப்பிட்டும் நீ விளையாடப் போகல. என்னமோ பாரமா இருக்குன்னு தோணுது. எதுவா இருந்தாலும் கேட்டுக்குறேன், அவசரம் இல்ல."

அப்புறம் பேசாமல் இருங்கள். மௌனம் நீளும், நீளட்டும். ஆசிரியர்களுக்கு இது கைவராத வித்தை, வகுப்பில் அரை நிமிஷம் சத்தம் இல்லாவிட்டால் நமக்கு ஏதோ போலாகிவிடும். பிள்ளை பேசத் தொடங்கியதும் "இதுக்குப் போயா", "உன் வயசுல நாங்கெல்லாம்", "அம்மா அப்பா எவ்வளவு கஷ்டப்படுறாங்க, யோசிச்சியா" ஆகிய மூன்றும் நாக்கு நுனியில் வந்து நிற்கும். விழுங்கிவிடுங்கள். மூன்றாவது ரொம்பவும் கெடுதல். தான் வீட்டுக்குப் பாரம் என்று ஏற்கெனவே நினைக்கிற பிள்ளைக்கு அது இன்னொரு சாட்சி.

பேச்சு ஒரு இடத்துக்கு வந்ததும் நேராகக் கேளுங்கள்: "இவ்வளவு வலி இருக்கும்போது சில பேருக்குச் செத்துடலாம்னு தோணும். உனக்கு அப்படித் தோணுதா?" சுற்றி வளைக்க வேண்டாம். "தப்பா எதுவும் யோசிக்கலல்ல?" என்று கேட்டால் "இல்ல" என்ற பதிலை நாமே ஊட்டிவிடுகிறோம்.

"ஆமா" என்று சொன்னால் பதறாதீர்கள். "சொன்னியே, நல்லதாப் போச்சு. இனி நீ தனியா இதைச் சுமக்க வேண்டாம்" என்பது போதும். "யார்கிட்டயும் சொல்லக் கூடாது மிஸ்" என்று கேட்பார்கள். அந்த வாக்கை மட்டும் தராதீர்கள். "உன்னப் பத்தி வெளியில பேச மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னா உதவி செய்யக்கூடியவங்க ஒருத்தர் ரெண்டு பேருக்குச் சொல்லித்தான் ஆகணும். யாருக்கு, எப்படின்னு ரெண்டு பேரும் சேர்ந்தே முடிவு பண்ணலாம்."

நான்காம் படி: எவ்வளவு அவசரம்?

இன்னும் சில கேள்விகள் கேட்டுவிடுங்கள். எப்போதிலிருந்து தோன்றுகிறது, எப்படி என்று யோசித்திருக்கிறாயா, அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, எப்போது என்று முடிவு செய்திருக்கிறாயா, இதற்கு முன் முயன்றிருக்கிறாயா. விவரங்களைக் கிளற வேண்டியதில்லை. ஆம், இல்லை தெரிந்தால் போதும்.

எண்ணம் மட்டும் வந்துபோகிறது, திட்டம் இல்லை என்றால் அன்றே குழுவுக்கும் வீட்டுக்கும் தெரிவித்து, அந்த வாரத்துக்குள் ஆலோசகரையோ மருத்துவரையோ பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். திட்டமும் வழியும் இருக்கிறது, அல்லது அண்மையில் முயன்றிருக்கிறார் என்றால் அந்த நிமிஷத்திலிருந்து தனியாக விடக் கூடாது. கழிப்பறைக்குப் போனாலும் ஒருவர் வெளியே நிற்க வேண்டும். "வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு" என்று பஸ் ஏற்றிவிடுவதுபோல ஆபத்தான காரியம் வேறில்லை.

ஏற்கெனவே எதையாவது உட்கொண்டிருந்தாலோ காயப்படுத்திக்கொண்டிருந்தாலோ 108-ஐ அழையுங்கள். பார்ப்பதற்குத் தெளிவாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்; சிலவற்றின் பாதிப்பு தாமதமாகத்தான் தெரியும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புக் கரைசல், மோர், புளிக்கரைசல் எதுவும் வேண்டாம். டப்பாவோ அட்டையோ இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

குடும்பங்கள் அங்கே தயங்கி நிற்பது "போலீஸ் கேஸ் ஆகிடுமே" என்ற பயத்தால். 2018 மே முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை. மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லலாம், பிள்ளைக்குத் தண்டனை கிடையாது. இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் "தெரியாம குடிச்சிட்டா", "வயித்துவலி" என்று டாக்டரிடம் சொல்லி, உடம்புக்கு மட்டும் வைத்தியம் பார்த்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். மனநலப் பிரிவுக்குப் போகாமலே டிஸ்சார்ஜ் ஆகிவிடும்.

ஐந்தாம் படி: வீட்டில் சொல்வது

போனில் சொல்லாதீர்கள். வரச்சொல்லி, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துச் சொல்லுங்கள். பிள்ளையைக் குற்றம் சாட்டும் தொனியும் கூடாது, பெற்றோரைக் குற்றம் சாட்டும் தொனியும் கூடாது. "உங்க பொண்ணு என்கிட்ட மனசு விட்டுப் பேசுனா. நம்ம எல்லார் மேலயும் நம்பிக்கை இருக்கப் போய்த்தான் சொல்லியிருக்கா" என்று தொடங்கினால் அப்பாவின் கோபம் கொஞ்சம் தணியும். கோயிலுக்குக் கூட்டிப்போகிறோம், மந்திரிக்கிறோம் என்பார்கள். மறுத்து வாதாட வேண்டாம். "அதுவும் செய்யுங்க, நாளைக்குக் காலையில டாக்டரையும் பாத்துடுவோம், நானும் வர்றேன்" என்பதே காரியம் நடக்கிற வழி.

பிரச்சினையே வீட்டில்தான் என்றால் கதை வேறு. பாலியல் தொல்லை என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி புகார் செய்வது கட்டாயம். 1098 உங்களுக்கு வழிகாட்டும். அடி, குடி, கட்டாயக் கல்யாணம் என்றாலும் அதே எண்தான். காதல் விவகாரமாக இருந்தால் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்து என்பதைச் சொல்லத்தான் வேண்டும். யாரோடு பேசினாள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆறாம் படி: எட்டாமல் வைப்பது

இளம் வயதில் முடிவுக்கும் செயலுக்கும் நடுவே பல நேரம் சில நிமிடங்கள்தான். அந்த அலை தணிந்துவிடும். அதுவரை வழி கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும். "வேணும்னு நினைச்சவன் வேற வழி தேடிக்குவான்" என்பதை அனுபவம் பொய்யாக்கியிருக்கிறது. இலங்கையில் 1995-இல் லட்சம் பேருக்கு 47 என்ற அளவில் இருந்த தற்கொலை, கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு இரண்டு பத்தாண்டுகளில் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. விவசாயமும் கெட்டுப்போகவில்லை. கடலூர் மாவட்டக் கிராமங்களில் சிநேகா அமைப்பினர், வங்கி லாக்கர் மாதிரி பொதுக் கட்டடத்தில் ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி வைத்துப் பூச்சிமருந்தை வீட்டுக்கு வெளியே வைக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். உங்கள் ஊராட்சியிலோ உழவர் குழுவிலோ இதை எடுத்துப் பேசலாம்.

ஒரு வீட்டளவில் செய்ய வேண்டியது சின்னது. பூச்சிமருந்து, எலிமருந்து, தாத்தாவின் மாத்திரைகள் எல்லாம் பூட்டுக்குள் போகட்டும். சாவி ஒரு பெரியவரின் இடுப்பில் இருக்கட்டும். பிள்ளை ஆபத்தான கட்டத்தைத் தாண்டும்வரை அறைக்குத் தாழ்ப்பாள் வேண்டாம், இரவில் ஒருவர் உடன் படுக்கட்டும். இதைச் செய்யும்போது ஒளித்து மறைக்காமல், "உன்ன நம்பாம இல்லடா, அந்த மாதிரி நேரத்துல உனக்கு உதவியா இருக்கும்னுதான்" என்று சொல்லிவிட்டே செய்யலாம்.

ஏழாம் படி: ஒரே ஒரு தாள்

மனநல ஆலோசகர்கள் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்றைப் பிள்ளையோடு சேர்ந்து எழுதுவார்கள். ஆலோசகர் வரும்வரை நீங்களும் எழுதலாம். நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள் போதும். பிள்ளையின் கையெழுத்தில், பிள்ளையின் சொற்களில் இருக்க வேண்டும். ஒரு பிளஸ் ஒன் மாணவனின் தாள் இப்படி இருக்கலாம்:

"ராத்திரி பத்து மணிக்கு மேல கிளாஸ் குரூப்ல மார்க் பேச்சு பாத்தா ஆரம்பிக்கும். நெஞ்சு அடைக்கும். அப்ப போனை அம்மாகிட்ட குடுத்துட்டு மொட்டை மாடியில இல்லாம வாசல் திண்ணையில உக்காரணும். நாய்க்குச் சோறு வைக்கணும். குறையலன்னா முருகன் அண்ணன் டீக்கடைக்குப் போகணும், அங்க ஆள் இருப்பாங்க. அப்பவும் இருந்தா சித்தப்பாகிட்ட சொல்லணும், சித்தப்பா திட்ட மாட்டார். சித்தப்பா எடுக்கலன்னா பி.டி. சார். இல்லன்னா 14416. மருந்து டப்பா சாவி பாட்டிகிட்ட."

ஆரம்ப அறிகுறி, தானே செய்யக்கூடியது, ஆட்கள் இருக்கும் இடம், சொல்லக்கூடிய நபர், நிபுணர் உதவி, வழியை அடைப்பது என்று எல்லாம் அதற்குள் இருக்கிறது. போட்டோ எடுத்து அவன் போனில் ஒன்று, சித்தப்பா போனில் ஒன்று வைத்துக்கொண்டால் சரி. "இனி அப்படிச் செய்ய மாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவதைச் சிலர் செய்கிறார்கள். அதனால் பெரியவர்களுக்குத்தான் நிம்மதி. பிள்ளைக்கு அன்று ராத்திரி என்ன செய்வதென்று அதில் ஒரு வரியும் இல்லை.

எட்டாம் படி: திரும்பி வரும் நாள்

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகான வாரங்களும் மாதங்களும்தான் கூடுதல் ஆபத்தான காலம். நம் கவனமோ அதற்குள் வேறு வேலைக்குப் போயிருக்கும். சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நகரங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வொன்றில், முயன்று பிழைத்த 1,867 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறுபாதிக்கு அதோடு ஒரு மணி நேர ஆலோசனையும், பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ நலம் விசாரிப்பும். முடிவில் தற்கொலையால் இறந்தவர்கள் முதல் குழுவில் 2.2 சதவீதம், விசாரிக்கப்பட்ட குழுவில் 0.2 சதவீதம். விசாரிப்புக்கு டாக்டர் பட்டம் தேவையில்லை. "எப்படிம்மா இருக்க, மாத்திரை சாப்பிடுறியா, தூக்கம் வருதா" என்பதுதான். காலண்டரில் தேதி குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: முதல் வாரம், இரண்டாம் வாரம், ஒரு மாதம், இரண்டு மாதம் என்று.

பள்ளிக்கு வருவதற்கு முந்தின நாளே பிள்ளையைப் பார்த்து, கேட்கிறவர்களுக்கு என்ன சொல்லப்போகிறாய் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். "உடம்பு சரியில்ல" என்ற பதில் போதும் என்று அவள் நினைத்தால் அது போதும். விட்டுப்போன ரெக்கார்டு நோட்டு, இன்டர்னல் மார்க் எல்லாவற்றுக்கும் தவணை கொடுங்கள். முதல் நாளே யூனிட் டெஸ்ட் வைக்க வேண்டாம். வகுப்பில் பக்கத்தில் யார் உட்காருவது என்பதை அவளே முடிவு செய்யட்டும். தாங்க முடியாதபோது காரணம் சொல்லாமல் எழுந்து வெளியே போக ஒரு அனுமதி, போய் உட்கார ஒரு இடம் இவை இரண்டும் இருந்தால் பெரும்பாலும் பயன்படுத்தவே மாட்டாள்.

ரிசல்ட் வாரம்

தமிழ்நாடு 2017-இல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. பள்ளி வாசல் பிளெக்ஸ் மட்டும் நிற்கவில்லை. உங்கள் பள்ளியிலாவது நிறுத்தப் பாருங்கள். ரிசல்ட்டுக்கு முந்தின நாள், தோற்கக்கூடும் என்று நீங்கள் நினைக்கிற பிள்ளைகளின் பட்டியலை எடுத்துப் பெற்றோரிடம் பேசிவிடுங்கள். துணைத்தேர்வு சில வாரங்களிலேயே வந்துவிடும், ஆண்டு வீணாகாது என்ற தகவல் பல வீடுகளுக்குத் தெரிந்திருக்காது. ஜெயிப்பான் என்று எல்லோரும் நினைத்து, எதிர்பார்த்த மார்க் வராத பிள்ளையையும் பட்டியலில் சேருங்கள். அன்று ராத்திரி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போன்.

இழப்பு நேர்ந்துவிட்டால்

எவ்வளவு செய்தாலும் சில நேரம் இது நடந்துவிடுகிறது. முதலில் குடும்பத்தோடு பேசி எதை வெளியில் சொல்லலாம் என்று கேளுங்கள். பிரேயரில் மைக்கில் அறிவிக்காமல், வகுப்பு வகுப்பாக, அவர்களுக்குத் தெரிந்த ஆசிரியரே சொல்ல வேண்டும். எப்படி இறந்தார் என்ற விவரம் வேண்டாம். "மார்க்கால்தான்", "காதலால்தான்" என்று ஒற்றைக் காரணமும் வேண்டாம். அதே நிலையில் இருக்கிற இன்னொரு பிள்ளை தன்னையும் அதோடு பொருத்திப் பார்க்கும். பேனர், சிலை, நினைவுப் பரிசு என்று போற்றுவதும் அதே ஆபத்துதான். அழுகைக்கு இடம் கொடுங்கள், ஒரு நிமிட மௌனம் போதும்.

நெருங்கிய நண்பர்கள், அவனோடு கடைசியாகச் சண்டை போட்டவன், பக்கத்து பெஞ்ச், அதே பஸ்ஸில் வருகிறவர்கள், ஏற்கெனவே தவித்துக்கொண்டிருப்பவர்கள் ஆகியோரைத் தனித்தனியாகப் பாருங்கள். சண்டை போட்டவனை யாரும் நினைப்பதில்லை. குற்ற உணர்வில் அதிகம் வேகிறவன் அவன்தான். வாசலில் மைக்கோடு நிற்கிற நிருபர்களுக்கு, படமும் முறையும் விவரிக்கக் கூடாது என்ற இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் 2019 நெறிமுறைகளை நினைவுபடுத்துங்கள். வாட்ஸாப் குரூப்பில் வரும் படங்களை அழிக்கச் சொல்லுங்கள். பிறந்தநாள், முதலாண்டு, அந்த வகுப்பின் பிரிவுவிழா நாள்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலை செய்கிறவர்களுக்கும் தூக்கம் கெடும். 14416 உங்களுக்கும் சேர்த்துத்தான். வாரம் ஒருமுறையாவது குழுவில் உட்கார்ந்து யார் எத்தனை பேரைத் தாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று பாருங்கள். ஒருவரிடமே எல்லாரும் போய்ச் சேர்ந்திருந்தால் பிரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அரசுப் பள்ளி என்றால் கலந்தாய்வு வரும், இடமாறுதல் வரும். போகும் முன் நீங்கள் கவனித்துக்கொண்டிருந்த பிள்ளையிடம் "இனி யார்கிட்ட பேசுறதுன்னு நினைக்கிற?" என்று கேளுங்கள். அவள் சொல்கிற ஆசிரியரை அழைத்து, மூன்று பேரும் சேர்ந்து ஒரு டீ குடியுங்கள். காலண்டரில் குறித்த தேதிகளை அவர் போனுக்கு மாற்றிக்கொடுங்கள்.